மாதா ஏறிய மொரிஸ் மைனர்

எதையாவது செய்யாதே என்று சொன்னால், அதை உடனே செய்துவிட்டு மறுவேலை பார்க்கிற பிள்ளை எல்லாக் குடும்பத்திலும் ஒன்று இருக்கும். எங்கள் குடும்பத்தில் அந்தப் பதவியைப் போட்டியின்றி வகித்தவன் நான்.

யுத்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்புக் கொட்டாஞ்சேனையில் ஒண்டியிருந்த எங்கள் சொந்தபந்தம் ஒவ்வொன்றாக வெளிநாட்டுக்குப் பறந்துகொண்டிருந்தது. அம்மாவின் தம்பி செபஸ்தி மாமாவுக்கும் கனடா விசா வந்துவிட்டது. மாமாவுக்குப் பிள்ளைகள் இல்லை. இருந்தது ஒரு மொரிஸ் மைனர். துணிக்கூரையை மடித்துப் பின்னால் சாய்த்தால் திறந்த காராகிவிடும். யாரோ கோழி அடைத்து வைத்திருந்த அந்தத் தகரத்தை வாங்கிவந்து, ஆணி ஆணியாகத் தேடித் திருத்தி, வான நீலத்தில் பெயின்ற் அடித்து மணப்பெண்போல வைத்திருந்தார். ஒவ்வொரு திருநாளுக்கும் கூரையைத் திறந்து, பின்சீற்றில் மாதா சொரூபத்தை ஏற்றி, சுற்றுப்பிரகாரம் போவார். மற்ற நாட்களில் கூரை திறப்பதேயில்லை.

"கார் நிண்டால் நீங்களும் ஏதாவது சாட்டுச் சொல்லி நிண்டுடுவியள். வித்துப்போட்டு வாங்கோ" என்று மாமி கட்டளை போட்டார். ஞாயிறு பேப்பரில் விளம்பரம் வந்தது. வெள்ளவத்தையிலிருந்து ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர் வந்து பார்த்து மயங்கிப் போனார். வெள்ளிக்கிழமை நல்ல நேரத்துக்குள் கார் தங்கள் வாசலுக்கு வர வேண்டும் என்பது மட்டும் அவர் மனைவியின் நிபந்தனை.

"என்ர கையாலை குடுக்க ஏலாதடா. நீ கொண்டுபோய்க் குடு" என்று மாமா சாவியைத் தந்தார். கண் கலங்கியிருந்தது. "ஒண்டு சொல்லுறன், கூரையைத் திறந்திடாதை. கொளுக்கி தேஞ்சுபோச்சு. திறந்தால் நாலு பேர் பிடிச்சால்தான் மூடலாம்."

"ஓம் மாமா" என்றேன். (அந்த 'ஓம்' ஜம்பட்டா வீதிவரைதான் உயிரோடு இருந்தது.)

அங்கே தட்டெழுத்து வகுப்பு விடுகிற நேரம். என் அரும்பு மீசை யாருக்காக வளர்ந்துகொண்டிருந்ததோ, அவள் வாசலில் நின்றாள். வாழ்க்கையில் ஒருமுறைதான் திறந்த கார் கையில் கிடைக்கும் என்று மனம் சொன்னது. ஓரமாக நிறுத்திக் கூரையைப் பின்னால் தள்ளினேன். தலைமயிரைக் கோதிக்கொண்டு மெல்ல உருட்டினேன். அவள் பார்த்தாள். பார்த்து, பயபக்தியோடு நெற்றியில் சிலுவை போட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூரை திறந்த இந்தக் காரைக் கொட்டாஞ்சேனைச் சனம் மாதாவோடு மட்டும்தான் கண்டிருக்கிறது!

"மாதாட கார் வருது!" என்று எவரோ கத்தினார். கடைக்காரர் எழுந்து நின்றார். ஒருத்தி கைக்குழந்தையைக் கொண்டுவந்து பின்சீற்றைத் தொட வைத்தாள். மாலை விழுந்தது. பொனற்றின் மேல் மெழுகுதிரி ஏற்றினார்கள். முகத்துவாரத்து மீன்காரி திரேசா அக்கா கூடையோடு பின்னால் ஏறிச் செபமாலையை எடுத்துவிட்டார்.

"அக்கா, இது கோயிலுக்கு இல்ல. வெள்ளவத்தைக்குப் போகுது."

"நல்லதாப் போச்சு தம்பி. அங்க மீனுக்கு நல்ல வெல. உடு, போவோம்!"

காலி வீதிச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். சிப்பாய் மாலையைப் பார்த்தான், மெழுகைப் பார்த்தான், செபமாலையைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். "தேவமாதாவ கோ?" (மாதா எங்கே என்கிறான்.)

"கலின் கியா" என்றேன். முன்னாலேயே போய்விட்டாராம்! நான் பேசிய ஒரே பிழையில்லாத சிங்களம் அதுதான். கையசைத்து விட்டுவிட்டான். அடையாள அட்டை கேட்காமல் என்னை விட்ட சாவடி அந்தக் காலத்தில் வேறு எதுவுமில்லை.

வெள்ளவத்தை ஒழுங்கை வாசலில் எஞ்சினியர் தேங்காயோடு நின்றார். அவர் மனைவி ஆரத்தித் தட்டோடு நின்றார். வெள்ளிக்கிழமை, சைவச் சாப்பாட்டு வீடு. பின்சீற்றில் பாரைமீன்.

"அந்த மீன்கார அக்காவைப் பெரிசுபடுத்தாதேங்கோ, அம்மா. மீன் மணம் கழுவினால் போயிடும்" என்று கெஞ்சினேன்.

"மீன் கிடக்கட்டும் தம்பி. உந்த மாலை ஏன்?"

உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அந்த அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டுக் காரைக் கும்பிட்டார். பிறகு கணவரின் பக்கம் திரும்பினார். "அம்மாள் இருந்த இடத்திலை நீங்கள் குந்தப்போறியளோ? எங்களுக்கு வேண்டாம் இந்தப் பாவம்." எஞ்சினியர் கையிலிருந்த தேங்காயை என்ன செய்வதென்று தெரியாமல் என்னிடமே தந்தார். திரேசா அக்கா அந்த ஒழுங்கையிலேயே பாரையை விற்று முடித்துவிட்டார்.

திரும்பி வந்தபோது மாமி தலையில் கை வைத்தார். மாமா வீதிக்கே கேட்கும்படி என்னை ஏசினார். அப்படியொரு ஏச்சை அதற்குப் பிறகு நான் யாரிடமும் வாங்கவில்லை. மாமி அசரவில்லை. "கார் நிண்டால் நிக்கட்டும், நீங்கள் வெளிக்கிடுங்கோ" என்று விமானத்தில் ஏற்றிவிட்டார். விமான நிலையத்தில் மாமா சாவியை என் சட்டைப் பைக்குள் போட்டு, தட்டிவிட்டுப் போனார்.

ஒவ்வொரு திருநாளுக்கும் கனடாவிலிருந்து அழைப்பு வரும். முதலில் காரின் சுகம், பிறகுதான் மற்றவர்கள். ஒருமுறை துணிந்து மன்னிப்புக் கேட்டேன்.

"போடா விசரா" என்று சிரித்தார். "மருமக்கள் நீங்கள் நாலு பேர் இருக்கேக்கை உன்னை ஏன் அனுப்பினனான் எண்டு நினைக்கிறாய்? சொல்வழி கேக்காதவன் நீ ஒருத்தன்தானே!"

மாமா இன்று இல்லை. கார் இருக்கிறது; மாதா இன்னும் அதில்தான் வலம் வருகிறார். போன மாதம் அம்மாவின் பழைய தையல் மெசினை விற்கலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. அம்மாவின் முகம் சுருங்கியதைத் தங்கை கண்டுவிட்டாள்.

"கவலைப்படாதேங்கோ அம்மா, அண்ணாவிட்டைக் குடுத்துவிடுவம். பத்திரமாத் திரும்பி வரும்."