இந்த வருஷத்தோட சரி

கோபித்துக்கொண்டு போய்விடுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். கோபித்துக்கொண்டும் போகாமலே உட்கார்ந்திருக்கிற ஓர் இனம் உண்டு. அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். தோற்றுக்கொண்டே இருக்கும் ஒரு கல்லூரிக் கூடைப்பந்து அணியின் சீசன் டிக்கெட்டைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, "இந்த வருஷத்தோட சரி, இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்று வருஷா வருஷம் சத்தியம் செய்கிறவர் இவர். அயோவா மாநிலத்தில் எங்கள் ஹார்ம்ஸ்வில் ஊருக்கு வந்தால் இவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்றைக்கு வேண்டுமானாலும் கல்லூரி அரங்கத்துக்குள் நுழைந்து, கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுங்கள். கூட்டம் குறைவுதான். இருந்தாலும் கை இவர்மேல்தான் படும்.

இவருக்குக் காலண்டரே வேறு. ஆகஸ்டில், லிதுவேனியாவிலிருந்து ஆறடி பத்தங்குலத்தில் ஒரு பையன் வந்து சேருகிறான் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் படித்துவிட்டு, அந்தப் பையன் விமானத்தில் வரும்போதே இன்னும் ஓர் அங்குலம் வளர்ந்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்; அக்டோபரில் "இந்தத் தடவை பாரு" என்பார்; நவம்பரில் வரிசையாக நாலு ஆட்டம் தோற்றதும் "சின்னப் பசங்கதானே, பழகணும்" என்று பெரிய மனது பண்ணுவார்; டிசம்பரில் குற்றமெல்லாம் நடுவர்களுடையது; ஜனவரியில் கோச்சுடையது; பிப்ரவரியில் அந்த கோச்சை நியமித்த கல்லூரித் தலைவர், தலைவரை நியமித்த குழு, குழுவுக்கு நன்கொடை தந்த கோழிப்பண்ணை முதலாளி என்று பழி மாடி மாடியாக ஏறும்; மார்ச் பிறந்தால் சத்தியம். ஏப்ரலிலும் மே மாதத்திலும் என்ன செய்வார் என்கிறீர்களா? சும்மாதான் இருப்பார், பாவம்.

அணி ஜெயித்தால் "நாம", தோற்றால் "அவனுங்க". இது எல்லா ஊரிலும் உள்ளதுதானே என்பீர்கள். எங்கள் ஊர்க்காரர் ஒரே மூச்சில் இரண்டையும் சொல்வார். "பாதி ஆட்டத்துல நாம ஏழு பாயிண்ட் முன்னாடி இருந்தோம், அப்புறம் அவனுங்க தோத்துட்டானுங்க." இதை என் காதால் கேட்டேன். சொன்னவர் வெர்லின் ஹோக்ஸ்ட்ரா. தீவனக் கிடங்கில் முப்பது வருஷம் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறாவது வரிசையில் பதினொன்றாம் இடம் அவருடையது, பன்னிரண்டாம் இடம் அவர் மனைவி மார்லிஸுடையது. இருபத்தேழு வருஷமாக அப்படித்தான். அந்த இரண்டு இடத்தையும் விட்டுவிட்டால் மறுநாளே யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவர் நம்புகிறார். அவரைச் சுற்றி நாற்பது இடங்கள் மூன்று வருஷமாகக் காலி. அந்த நம்பிக்கையைக் கெடுக்க நான் யார்? ஏழாவது வரிசையில், அவர் முதுகுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருக்கிறவன், அவ்வளவுதான்.

எங்கள் அரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் தொடங்கியதும் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். நம் அணி முதல் கூடை போடும் வரை கைதட்டிக்கொண்டே நிற்க வேண்டும், விழுந்த பிறகுதான் உட்காரலாம். இதை ஏற்படுத்திய புண்ணியவான்களின் காலத்தில் பந்து அரை நிமிஷத்தில் கூடைக்குள் விழுந்துகொண்டிருந்தது. கோச் ரெய்ஸ்னர் வந்த பிறகு, நின்றுகொண்டே ஒரு காபி குடித்து முடித்துக் கோப்பையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வரலாம். ஆனாலும் யாரும் உட்கார மாட்டார்கள். உட்கார்ந்தால் கூடை விழாது என்று ஐதீகம். நின்றாலும் விழுவதில்லையே என்று கேட்டால் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

இந்த வழக்கத்துக்குக் காவல் தெய்வம் வெர்லின்தான். யார் உட்கார்ந்தாலும் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், அந்தப் பார்வையிலேயே பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். ஒருமுறை அவருடைய சிநேகிதர் டெல்மர், பத்தாம் இடத்துக்காரர், ஃப்ரீ த்ரோவில் ஒரு பாயிண்ட் கிடைத்ததும் அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டார். எதிராளி இடித்ததற்கு ஈடாக, யாரும் மறிக்காமல் நின்ற இடத்திலிருந்து எறிய விடுவார்களே, அது. "அது கூடை இல்ல டெல்மர். அது பிச்சை. எந்திரி" என்றார் வெர்லின். எழுபது வயது டெல்மர் எழுந்து நின்றார். அன்றிலிருந்து ஃப்ரீ த்ரோ செல்லாது என்பது எங்கள் பகுதியில் சட்டமாகிவிட்டது.

போன அக்டோபரில் வெர்லினுக்கு வலது முழங்காலை மாற்றினார்கள். ஒரேயடியாக ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை மார்லிஸ் பிடித்துக்கொண்டார். மார்லிஸ் குரலை உயர்த்துகிற ரகம் இல்லை. ஐந்து நிமிஷம் ஆனதும் கூடை விழுந்தாலும் விழாவிட்டாலும் நீ உட்கார வேண்டும், ஒரே ஒருமுறை மீறினாலும் அடுத்த வருஷ டிக்கெட்டுக்கான படிவம் போகாது, இடம் இரண்டையும் விட்டுவிட்டுக் குளிர்காலம் முழுக்க அரிசோனாவில் என் தங்கை வீட்டில் இருப்போம், அங்கே வெயிலும் உண்டு, கால் நீட்ட நாற்காலியும் உண்டு என்று சொல்லிவிட்டார். வெர்லின் தலையாட்டினார். சீசன் முழுக்க மார்லிஸ் கடிகாரத்தைப் பார்ப்பதும், வெர்லின் திருட்டுப் பூனை மாதிரி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு உட்காருவதுமாக ஒப்பேறியது. தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிற அந்த மனிதரைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

பிப்ரவரியின் கடைசிச் சனிக்கிழமை, மத்தியானம், சொந்த அரங்கத்தில் கடைசி ஆட்டம். வெளியே இடுப்பளவு பனி. ஐந்து நிமிஷம் முடிந்தபோது எதிரணி பதினொன்று, எங்கள் நாரைகள் பூஜ்யம். (அணிக்குப் பெயர் நாரைகள். ஒற்றைக்காலில் நின்று காத்திருப்பதில் மட்டும் பெயருக்குப் பழுதில்லை.) மார்லிஸ் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். வெர்லின் பார்க்காத மாதிரி நின்றார். கடைசி ஆட்டத்தில் உட்கார்ந்துகொண்டு முதல் கூடையைப் பார்ப்பதா? அவரால் முடியவில்லை.

ஏழாவது நிமிஷத்தில் மாணவர்கள் பகுதி முதலில் சரிந்தது. செல்போனைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பிறகு பேராசிரியர்கள், ஏதோ ஆராய்ச்சி முடிவுக்கு வந்தவர்கள் போல. எட்டாவது நிமிஷத்தில் எங்கள் பையன் ஒருவனை யாரோ இடித்துத் தள்ள, அவன் எறிந்த ஃப்ரீ த்ரோ உள்ளே விழுந்தது. ஒரு பாயிண்ட். அரங்கமே பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது. நானும் உட்கார்ந்தேன், மறைப்பானேன். வெர்லினும் முதுகை வளைத்தார். பாதி வளைந்திருப்பார்.

டெல்மர் திரும்பாமலே கேட்டார். "அது பிச்சைன்னு சொன்னது யாருப்பா?"

வெர்லின் நிமிர்ந்தார். ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிற அரங்கத்தில் ஒருவர் மட்டும் நின்றார். மார்லிஸ் அவருடைய கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தார்.

"அஞ்சு நிமிஷம்னு ஒத்துக்கிட்ட. ஒம்பது ஆச்சு, வெர்லின்."

"இப்ப உக்காந்தா கூடை விழாது."

"நின்னா மட்டும் விழுதா?"

பதில் இல்லாத கேள்விக்கெல்லாம் இந்த இனம் என்ன செய்யுமோ அதையே செய்தார், இன்னும் பலமாகக் கைதட்டினார். பன்னிரண்டாவது நிமிஷத்தில் எங்கள் ஆள் ஒருவன் பக்கத்திலிருந்தவனுக்கு எறிந்த பந்து கை தவறி, பலகையில் பட்டு, எதிரணிக்காரன் விரலிலும் பட்டு, போனால் போகிறது என்று கூடைக்குள் விழுந்தது. கூடை கூடைதான். வெர்லின் இரண்டு கையையும் தூக்கினார். பிறகு உட்காரப் பார்த்தார். முழங்கால் மடங்கவில்லை.

வீங்கி, கட்டையாக விறைத்துக்கொண்டு, அசைய மாட்டேன் என்றது. பிட்டத்தைப் பின்னால் தள்ளிப் பார்த்தார், இருக்கையின் கையைப் பிடித்துப் பார்த்தார். காலைப் பக்கவாட்டில் நீட்டியபோது மார்லிஸின் நாச்சோஸ் சிப்ஸ் தட்டு தரைக்குப் போனது. பின்னாலிருந்து "உக்காருங்க சார், மறைக்குது" என்று குரல்கள். மானம் போகிறதே! மனிதர் சட்டென்று கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, தாடையை உயர்த்தி, வேண்டுமென்றே நிற்கிறவர் மாதிரி நின்றுவிட்டார். அரங்கத்தில் பாதிப் பேர் அது கோச்சுக்கு எதிரான போராட்டம் என்றார்கள், மீதிப் பேர் விசுவாசம் என்றார்கள். இடைவேளை வரை நின்றார். பிறகு காவலர்கள் இரண்டு பேர் கைத்தாங்கலாக, வலது காலை மடக்காமலே அவரைப் படியேற்றிக் கொண்டுபோனார்கள். முப்பத்துநாலு பாயிண்ட் வித்தியாசத்தில் தோற்றோம். தோற்றார்கள்.

திங்கட்கிழமை மாலை கோச்சின் ரேடியோ நிகழ்ச்சி. வாராவாரம் ஊர் பீட்ஸா கடையிலிருந்து நேரடி ஒலிபரப்பு. ரசிகர்கள் சாப்பிட்டுக்கொண்டே கேள்வி கேட்கலாம். சனிக்கிழமையெல்லாம் கோச்சின் பரம்பரையையே இழுத்துப் பேசுகிற நம் இனம், திங்கட்கிழமை மைக்கைக் கையில் கொடுத்தால் "பசங்க நல்லா முயற்சி பண்ணாங்க கோச்" என்று குழையும். வெர்லின் அப்படிக் குழைகிறவர் இல்லை, ஏனென்றால் அவர் மைக்கை வாங்கியதே இல்லை. ஆனால் மூன்று வருஷமாக ஒரு காகிதத்தை மடித்துப் பையில் வைத்திருக்கிறார். அதில் எட்டுக் குற்றச்சாட்டுகள், கடைசியில் ஒரு கேள்வி: நீங்க எப்ப இந்த ஊரை விட்டுப் போறீங்க? இன்று கேட்டே தீருவது என்று வந்திருந்தார். இடம் எப்படியும் போகப்போகிறது, இனி என்ன மரியாதை வேண்டிக் கிடக்கிறது? காலை எதிர் நாற்காலியில் நீட்டி, பக்கத்தில் ஊன்றுகோலைச் சாத்தி, காகிதத்தை மேஜைமேல் விரித்துவிட்டார். மார்லிஸ் பீட்ஸாவைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். எதிரே நான்.

கோச் ரெய்ஸ்னர் வந்தார். மூன்று வருஷத்தில் முடியெல்லாம் நரைத்துவிட்டது. மைக்கைப் பிடித்தவர் கேள்விக்குக் காத்திராமல் பேசினார்.

"சனிக்கிழமை எல்லாரும் உக்காந்துட்டாங்க. தப்பு சொல்லல, நானா இருந்தாலும் உக்காந்திருப்பேன். ஒருத்தர் மட்டும் நின்னாரு. காலு சரியில்லாத மனுசன். இடைவேளையில பசங்க எல்லாம் தொங்கிப்போய் இருந்தாங்க, அவரைத்தான் சொன்னேன். நம்மளை நம்பி இன்னும் ஒரு ஆளு நிக்கிறாருடான்னு." மைக்கை வெர்லினிடம் நீட்டினார்.

பீட்ஸாவுக்காக மட்டும் வந்த நாலு பேர்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். வெர்லின் காகிதத்தைப் பார்த்தார், கோச்சின் நரைத்த தலையைப் பார்த்தார். கால் மாட்டிக்கொண்டது, அதனால்தான் நின்றேன் என்றாவது சொல்லியிருக்கலாம். மனிதருடைய கழுத்து சிவந்தது. காகிதத்தின்மேல் கையை வைத்து மூடினார்.

"கோச்... அந்த லிதுவேனியாப் பையன் அடுத்த வருஷமும் இருப்பான்ல?"

"இருப்பான்" என்றார் கோச்.

"அப்ப சரி" என்று மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கோச் அடுத்த மேஜைக்குப் போனதும் வெர்லின் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். பிறகு மார்லிஸைப் பார்க்காமலே, வாக்கை மீறியது நான்தான், சொன்னபடி அரிசோனாவுக்கே போவோம், நிஜமாகவே இந்த வருஷத்தோடு சரி என்றார். இருபத்தேழு வருஷத்தில் அந்த மனிதர் அதை மனதாரச் சொன்னது அன்றைக்குத்தான். கண்ணில் தண்ணீர் நின்றது.

மார்லிஸ் கைப்பையிலிருந்து ஒரு கம்பளி மப்ளரை எடுத்து மேஜைமேல் வைத்தார். நாரை படம் போட்டது. ஜனவரி முடிவதற்குள் அடுத்த வருஷப் படிவத்தை அனுப்புகிறவர்களுக்கு மட்டும் கல்லூரி இலவசமாகக் கொடுக்கிற மப்ளர்.

"ஜனவரியிலேயே அனுப்பிட்டேன்" என்றார்.

"அப்புறம் ஏன் அத்தனை மிரட்டல்?"

"அரிசோனாவுக்குப் போனா அஞ்சு மாசம் நீ யாரைத் திட்டுவ, வெர்லின்? அங்க நான் ஒருத்திதானே இருப்பேன்?"

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. நமக்கும் கூடைப்பந்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்கள். நல்லது. தினமும் காலையில் வரிக்கு வரி திட்டிக்கொண்டே படிக்கிற அந்தப் பத்திரிகையை எப்போது நிறுத்தப்போகிறீர்கள்? இனி ஓட்டே கிடையாது என்று போன தேர்தலுக்கு முந்தின தேர்தலிலேயே சொன்ன அந்தக் கட்சி? உருப்படாது என்று ஊரறியச் சபித்துவிட்டு, சாயங்காலமானால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிற அந்தச் சங்கம்? நானும் ஏழாவது வரிசைக்கு இந்த வருஷத்தோடு முழுக்குப் போடுவதாகத்தான் இருந்தேன். பீட்ஸா கடையிலிருந்து திரும்பியதும் வீட்டில் சொன்னேன். என் மனைவி போய் அலமாரியைத் திறந்தாள், உள்ளிருந்து ஒரு நாரை படம் எட்டிப் பார்த்தது. எதற்கும் இருக்கட்டும், நீங்களும் உங்கள் வீட்டு அலமாரியை இன்றைக்கே ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.