மைலேஜ் அண்ணனின் நாலு டயர்

பெட்ரோலின் வாசனையை மட்டும் வைத்துக்கொண்டு மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளம் வரைக்கும் கார் ஓட்டக்கூடிய ஒரே ஆள் இந்தப் பூலோகத்தில் மைலேஜ் அண்ணன்தான். அவருக்கும் அப்பா அம்மா ஒரு பெயர் வைத்திருப்பார்கள். சம்பளம் கொடுத்த சேட்ஜிக்கே அது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். அவர் பிறந்து வளர்ந்த பள்ளுருத்தியில் போய்க் கேட்டாலும் "மைலேஜ் வீடா? அந்த வளைவுல திரும்புங்க" என்றுதான் கை காட்டுவார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் பஜார் ரோட்டில் ஒரு மிளகு கம்பெனியில் நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். முதலாளி குஜராத்தி சேட். தாத்தா காலத்தில் மிளகு வாங்க வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். தினமும் மத்தியானம் கம்பெனி அம்பாசடரில் சேட்ஜியும், கணக்கு பார்க்கும் மேனன் சாரும், பேங்கில் கொடுக்க வேண்டிய ஏற்றுமதிப் பேப்பர்களோடு நானும் எர்ணாகுளம் போவோம். என் வீடு எர்ணாகுளத்திலேயே இருந்ததால் வேலை முடிந்ததும் என்னை வாசலில் இறக்கிவிட்டு அவர்கள் திரும்புவார்கள். வண்டி ஓட்டுவது மைலேஜ் அண்ணன்.

அவர் கண்ணுக்கு மனுஷர்கள் எல்லாம் வெறும் பாரம். முதல் நாளே என் கைப்பையை வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

"உள்ள என்ன தங்கச்சி, இந்தக் கனம் கனக்குது?"

"டிபன் பாக்ஸ் அண்ணா."

"சாப்பிட்டாச்சில்ல? காலி பாக்ஸை ஆபீஸ்லயே வச்சிட்டு வாங்க. நாளைக்கும் இங்கதான வரப் போறீங்க."

"அப்ப நாளைக்குச் சாப்பாட்டை எதுல கொண்டு வர்றது?"

"இலையில கட்டிட்டு வாங்க. இலைக்கு வெயிட் கிடையாது."

என் டிபன் பாக்ஸாவது பரவாயில்லை. மேனன் சார் பாடுதான் பெரும்பாடு. அவர் ஆள் நல்ல ஆகிருதி. ஓணத்துக்கு முந்தின நாள் ஆபீஸில் சத்யை விருந்து. மூன்று வகைப் பாயசத்தையும் மறுபடி மறுபடி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, ஏப்பத்தோடு கார்க் கதவைத் திறந்தவரை மைலேஜ் அண்ணன் கைகாட்டித் தடுத்தார். "சார் இன்னைக்கு பஸ்ஸுல வரட்டும்." சேட்ஜி விழுந்து விழுந்து சிரித்தாரே தவிர, மேனன் சாருக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் பின் சீட்டில் நட்டநடுவில் உட்கார வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. ஒரு பக்கமாக உட்கார்ந்தால் அந்தப் பக்க டயர் தேய்ந்துவிடுமாம்.

பிரேக் என்பது அவர் அகராதியில் கெட்ட வார்த்தை. "பெட்ரோலைச் செலவழிச்சு வேகம் வாங்குறோம். பிரேக் போட்டா வாங்கினதைத் தூக்கிச் சாக்கடையில கொட்டின மாதிரி" என்பார். அதனால் வேகமே வாங்க மாட்டார். பஜார் ரோட்டில் ஒரு நாள் வெள்ளாடு ஒன்று பின்னாலிருந்து நிதானமாக வந்து, எங்களைத் தாண்டி, போஸ்டரைத் தின்றபடியே முன்னால் போனது. எனக்கு மானம் போயிற்று.

"அண்ணா, ஆடு ஓவர்டேக் பண்ணுது."

"போகட்டும். அது புல்லுல ஓடுற வண்டி. அதோட நாம போட்டி போட முடியுமா?"

தோப்பும்படிப் பாலத்தில் ஏறும்வரைதான் எஞ்சின். உச்சி வந்ததும் சாவியைத் திருகி அணைத்துவிடுவார். எதிர்க்காற்றில் சட்டை படபடக்க, சத்தமே இல்லாமல் நாங்கள் கீழே இறங்குவோம். நான் கந்த சஷ்டி கவசத்தை முணுமுணுப்பேன். "பயப்படாதீங்க தங்கச்சி, சறுக்கு மரத்துல சறுக்குற பிள்ளைக்கு எஞ்சினா இருக்கு?" என்று கேட்பார். நான் கவசத்தின் அடுத்த வரிக்குத் தாவுவேன்.

இப்படியே பத்து வருஷம் ஓடியது. அம்பாசடர் செத்தது. பாம்பேயில் இருந்த சேட்ஜியின் மகன் சொல்லி, பெட்ரோலிலும் பேட்டரியிலும் சேர்ந்து ஓடும் ஹைப்ரிட் கார் ஒன்று வந்து இறங்கியது. மட்டாஞ்சேரியே கூடி நின்று பார்த்தது. சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாகவே அணைந்துவிடும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானாகவே உயிர் வரும். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று முன்னால் ஒரு சின்னத் திரையில் எண் எரியும். மைலேஜ் அண்ணன் முதல் முறை அதை ஓட்டிவிட்டு இறங்கியபோது கண் கலங்கியிருந்தது.

"நான் இத்தனை வருஷம் கையால செஞ்சதை இது தானா செய்யுது தங்கச்சி. இதைக் கண்டுபிடிச்சவனும் நம்மள மாதிரி ஏச்சு வாங்கியிருப்பான்."

அதற்கப்புறம் அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டினாரா, அந்த எண்ணைப் பார்த்து ஓட்டினாரா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. எண் இருபதைத் தாண்டினால் அன்று முழுக்க அவர் முகம் பௌர்ணமி. எண் இறங்கினால் யாரோடும் பேச மாட்டார்.

வந்த வாரத்திலேயே பஜார் ரோட்டில் ஒரு கூத்து நடந்தது. லாரியும் கைவண்டியும் மாட்டிக்கொண்டு நெரிசல். நாங்கள் நின்றோம், எஞ்சின் அணைந்தது. மிளகு மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் அதைக் கவனித்துவிட்டார்கள்.

"எந்தா மைலேஜ் சேட்டா, புது வண்டி நின்னுபோயோ?" என்றார்கள். சேட்டன் என்றால் மலையாளத்தில் அண்ணன்.

வேறு யாராவது என்றால் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். மைலேஜ் அண்ணன் ஒரு வினாடி யோசித்தார். சாவியையும் மெதுவாகத் திருகிவிட்டு, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, "ஆமாம்ப்பா" என்றார். நாலு பேர் தோள் கொடுத்து, ஏலேலோ பாடாத குறையாக, படகுத்துறை வரைக்கும் தள்ளினார்கள். உள்ளே நானும் மேனன் சாரும் சேட்ஜியும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். அவர்களுக்குச் சாயா வாங்கிக் கொடுத்தது சேட்ஜி.

டயர் விவகாரத்துக்கு வருகிறேன். காற்று கல் மாதிரி இருந்தால் வண்டி லேசாக உருளும் என்று இவர், டயர் கம்பெனிக்காரன் சொன்னதற்கு மேலே காற்றை அடைத்து அடைத்து ஓட்டினார். விளைவு, நாலு டயரும் ஓரத்தில் பூவோடும் நடுவில் மொட்டையாகவும் சீக்கிரமே தேய்ந்து நின்றன. சேட்ஜியின் மகன் அந்தச் சமயத்தில் பாம்பேயிலிருந்து வந்திருந்தான். அவனுக்கு இதற்குள் ஹைப்ரிட் அலுத்துப்போயிருந்தது. விற்றுவிட்டுப் பெரிய டீசல் வண்டி வாங்கலாம், நல்ல வேகமாக ஓட்டும் டிரைவராகப் பார்க்கலாம் என்று அப்பாவைப் போட்டுப் பிடுங்கினான்.

சேட்ஜி மைலேஜ் அண்ணனைக் கூப்பிட்டார். "புது டயர் நீயே பார்த்துப் போடு. ஆனா மைலேஜ் குறைஞ்சதுன்னா வண்டியை வச்சிருக்க எனக்கு ஒரு காரணமும் இல்ல. மாசக் கடைசியில பார்ப்பேன்."

வண்டி போனால் இவரும் போக வேண்டியதுதான். ஐம்பது தாண்டிய, ஆட்டிடம் தோற்கும் டிரைவரை எந்தக் கம்பெனி வேலைக்கு வைக்கும்? பல்லைக் கடித்துக்கொண்டு டயர் தேட ஆரம்பித்தார். கொச்சியில் அவர் ஏறாத டயர் கடை இல்லை. நகத்தால் குத்திப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், காதருகே வைத்துத் தட்டிப் பார்ப்பார். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இத்தனை பார்ப்பதில்லை.

அப்போது நான் ஏழு மாதக் கர்ப்பம். கல்யாணமாகி வெகுநாள் ஏங்கி, டாக்டர் டாக்டராக அலைந்து, எல்லாரும் கேட்பதையே நிறுத்திவிட்ட பிறகு தரித்த பிள்ளை. மைலேஜ் அண்ணன் வாராவாரம் என்னை மேலும் கீழும் பார்த்து, "கூடிட்டே போகுது" என்று முனகுவார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

சேட்ஜி ஊரில் இல்லாத ஒரு நாள், மேனன் சாரும் லீவு. என்னை வீட்டில் விடப் போகும் வழியில் தோப்பும்படியில் வர்கீஸ் சேட்டனின் டயர் கடையில் வண்டியை நிறுத்தினார். நான் உள்ளேயே உட்கார்ந்து பழம்பொரி பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். வர்கீஸ் சேட்டன் இரண்டு டயரை எடுத்து வைத்தார். ஒன்று கடினம், மற்றது மெத்து. மைலேஜ் அண்ணன் இரண்டையும் கடையை ஒட்டிய சரிவான சந்துக்கு உருட்டிப் போய், பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒரே நேரத்தில் கையை விட்டார். மெத்து டயர் கொஞ்ச தூரம் போய், தள்ளாடி, நடுச்சந்தில் படுத்துவிட்டது. கடின டயர் பாட்டுக்கு ஓடி, ஒரு சைக்கிளுக்கு வழிவிட்டு, கடைசியில் இருந்த சாயாக்கடைக்குள் நுழைந்து பெஞ்சுக்கடியில் போய்ச் சாய்ந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

"இதான் என் டயர்" என்றார் மைலேஜ் அண்ணன், மூச்சிரைக்க அதை உருட்டி வந்து.

"ஓட்டம் நல்ல ஓட்டம்தான்" என்றார் வர்கீஸ் சேட்டன். "பக்ஷே மழையில பிரேக் போட்டா இது வழுக்கும் கேட்டோ. மத்தது பிடிச்சு நிக்கும்."

"நான்தான் பிரேக்கே போடறதில்லையே!"

வர்கீஸ் சேட்டன் சிரித்துக்கொண்டே ஆர்டர் எழுதினார். நாலையும் மறுநாள் வரவழைத்து மாட்டுவதாக முடிவாயிற்று. மைலேஜ் அண்ணன் சீழ்க்கையடித்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

பாலத்தின் உச்சிக்குப் போகும்போது மழை பிடித்தது. கொச்சி மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது. இறக்கத்தின் அடியில், சவாரிக்காக ஒரு ஆட்டோ திடீரென்று நின்றது. மைலேஜ் அண்ணன் பிரேக்கை மிதித்தார். மொட்டை டயர் பிடிக்கவில்லை. வண்டி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போனது. நான் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றேன். ஆட்டோவை இடிக்க ஒரு சாண் இருக்கும்போது வண்டி நின்றது.

எஞ்சின் தானாக அணைந்தது. வழக்கமாக அப்படி அணையும்போது அவர் முகம் மலரும். அன்று மலரவில்லை. சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணும் இல்லியே தங்கச்சி?"

"ஒண்ணும் இல்லண்ணா. பயந்துட்டேன், அவ்வளவுதான்."

வாசலில் என்னை இறக்கிவிட்டு, குனிந்து நாலு டயரையும் தடவிப் பார்த்தார்.

மறுநாள் புது டயர் மாட்டி வண்டி வந்தது. கூடவே இரண்டு புது வழக்கங்களும் வந்தன. ஒன்று, எண் எரியும் திரையின் மேல் ஒரு பழனி முருகன் படத்தை ஒட்டியிருந்தார். வேலைக்காக வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது, பாலத்தின் அடிவாரத்தில் வண்டியை ஓரம் கட்டி, பின்னால் திரும்பினார்.

"சேட்ஜி, டாக்டர் உங்களை நடக்கச் சொன்னாரில்ல? பாலத்து மேல வரைக்கும் நடந்து வாங்க. மேனன் சார், நீங்களும் இறங்குங்க."

"இங்க நான் முதலாளியா, நீ முதலாளியா?"

"நீங்கதான் முதலாளி. அதான் உங்க ஒடம்பு முக்கியம்."

நானும் கதவைத் திறக்கப் போனேன். "நீங்க உக்காருங்க தங்கச்சி" என்றார். அப்புறம் தினமும் இதே காட்சிதான். நான் மட்டும் காருக்குள் உற்சவ மூர்த்தி மாதிரி வீற்றிருக்க, பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு மிளகு கம்பெனி முதலாளியும் கணக்கரும் மூச்சு வாங்க ஏற்றம் ஏறுவார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள்.

மழை ஈரத்தில் ஒரு நாள் பசை விட்டு முருகன் கழன்று விழுந்தார். அவர்கள் இரண்டு பேரும் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். நான் திரையைப் பார்த்தேன். எப்போதும் இருபதில் நிற்கும் எண் பதினெட்டுக்கு வந்திருந்தது.

"என்னண்ணா இது? கடுசு டயர்தான போட்டீங்க?"

குனிந்து படத்தை எடுத்து, எச்சில் தொட்டு மறுபடியும் ஒட்டினார். "மெத்து டயரு. மத்ததை வேண்டாம்னுட்டேன்."

"மாசக் கடைசியில சேட்ஜி பார்ப்பாரே. வேலை போயிடுமேண்ணா."

"அதுக்குத்தான அவங்களை நடக்க விட்டிருக்கேன். நம்பரைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திடலாம்." பிறகு முன்னால் பார்த்தபடியே சொன்னார், "நீங்க அன்னைக்கு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அம்மான்னீங்க பாருங்க. அதுக்கப்புறம் அந்த நம்பரைப் பார்க்கவே மனசு வரல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் இவரைக் கரித்துக்கொட்டினேனே என்று வெட்கமாகவும் இருந்தது. மூச்சிரைத்துக்கொண்டு வந்து ஏறிய மேனன் சார், "என்ன, டிரைவர் திட்டினானா?" என்று கேட்டார்.

மாசக் கடைசியில் சேட்ஜி முன் சீட்டில் வந்து உட்கார்ந்தார். முருகனைப் பக்குவமாக உரித்து எடுத்தார். எண் பத்தொன்பதுக்கு வந்திருந்தது, இருபதைத் தொடவில்லை. மைலேஜ் அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சேட்ஜி படத்தைக் கையில் வைத்தபடியே சொன்னார்.

"நேத்து சுகர் டெஸ்ட் எடுத்தேன். எப்படி இவ்வளவு இறங்குச்சுன்னு டாக்டர் கேட்டார். பாலம் ஏறினேன்னு சொன்னேன்." படத்தைப் பழைய இடத்திலேயே ஒட்டினார். "பையன் பாம்பேக்குத் திரும்பிப் போகட்டும். வண்டி இங்க நிக்கட்டும்."

எனக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிப் போக சேட்ஜி காரை அனுப்பியிருந்தார். அம்மாவும் என் வீட்டுக்காரரும் பக்கெட், பிளாஸ்க், தலையணை, துணி மூட்டை என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். மைலேஜ் அண்ணன் ஒன்றையும் எடை பார்க்காமல் உள்ளே வாங்கி வைத்தார். பிள்ளையை மட்டும் கையில் ஏந்திப் பார்த்து, "கனமே இல்லியே, இன்னும் நல்லா தேறணும்" என்றார். பிறகு என் வாழ்நாளில் நான் பார்க்காத காரியமாக, ஏசியைப் போட்டார்.

எங்கள் வீட்டு வாசல் வந்தது. வண்டி நிற்காமல் தாண்டிப் போனது.

"அண்ணா, வீடு பின்னால போயிடுச்சு."

"தெரியும் தங்கச்சி. பாப்பா இப்பதான் கண்ணசந்துச்சு. வண்டி நின்னா முழிச்சுக்கும். ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்."

ஒரு ரவுண்டு போனோம். அவள் விழிக்கவில்லை. காயலோரமாக இன்னொரு ரவுண்டு திரும்பினார்.

"பெட்ரோல் அண்ணா?"

"மெதுவா பேசுங்க" என்றார்.

முருகன் படத்தை எப்போது எடுத்தாரோ, திரை வெறுமனே எரிந்துகொண்டிருந்தது. எண் இறங்கிக்கொண்டே போனது. மைலேஜ் அண்ணன் அதைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் என் மகள் தூங்குகிறாளா என்று பார்த்துப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.