பந்தயக் கார் படம் போட்ட டின்

சேக்காடு, ஆவடி
1999 மே, ஞாயிறு மாலை

மஸ்கட்டில் இருக்கும் அன்பு இக்னேஷியஸ் சித்தப்பாவுக்கும் சித்திக்கும் அருள்செல்வி வணக்கத்துடன் எழுதுவது. மாதா புண்ணியத்தில் அப்பா நலம், அம்மா நலம், நான் நலம். வாங்கிய நாள் முதல் இருமிக்கொண்டிருந்த வண்டியும் நேற்றிலிருந்து நலம். அங்கே வெயில் எப்படி என்று கேட்க வெட்கமாக இருக்கிறது, இங்கேயே தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்கிறது.

நேற்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். "அப்பா, நான் ரயில்லயே பெங்களூர் போயிடறேன்பா." காலையிலிருந்து அது நாக்கு நுனியிலேயே இருந்தது. ஆனால் அங்கே ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை கிடைத்ததும் அப்பா கோயில் வாசலில் பூசை முடிந்து வந்த அத்தனை பேரிடமும், "என் பொண்ண என் வண்டிலதான் கொண்டுபோய் விடுவேன்" என்று அறிவித்துவிட்டார். தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, வாடகைக்கு ஓட்டலாம் என்று, யார் சொல்லியும் கேட்காமல் அவர் வாங்கிய பழைய டர்போ வண்டி அது. கரும்புகை கக்கும், விசில் அடிக்கும், இழுக்காது. போன வாரம் அம்பத்தூர் போகும் வழியில் பாலம் ஏறும்போது மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்காரர் ஒருவர் எங்களை முந்தினார். முந்தும்போது, "இன்னா அண்ணாத்தே, இறங்கித் தள்ளட்டுமா?" என்று கேட்டார். அப்பா வண்டியை நேரே வீட்டுக்குத் திருப்பிவிட்டார். வீட்டுக்கு வந்ததும், "வித்துட்டு எங்கயாவது வாட்ச்மேனா போயிடறேன்" என்று மட்டும் சொன்னார். நான் ரயில் என்று வாயைத் திறந்தால் மறுநாளே விற்றுவிடுவார். அதனால் திறக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் நீங்கள் கொடுத்தனுப்பிய பார்சல் வந்தது. பக்கத்து வீட்டு வசந்தகுமாரி அக்கா வீட்டுக்கு நீங்கள் போன் போட்டு, "ரெண்டு ஸ்ப்ரே டின் வெச்சிருக்கேன், ஒண்ணு வண்டி டர்போவுக்கு, ஒண்ணு உங்களுக்கு; எஞ்சின் ஓடும்போது காத்து இழுக்கற வாய்ல கொஞ்சம் கொஞ்சமா அடிங்க" என்று சொன்னீர்கள். எது எதற்கு என்று சொல்வதற்குள் லைன் போய்விட்டது. அதனால் ஒன்றும் மோசமில்லை. எங்கள் வீட்டில் பார்சல் பிரிக்கும் முறை உங்களுக்குத் தெரியாததா? மாதா படத்துக்கு முன்னால் வைத்து, ஒரு ஜெபம் சொல்லி, பிறகு அம்மா பங்கு பிரிப்பாள். மணக்கிறதெல்லாம் பீரோவுக்கு, மற்றதெல்லாம் ஷெட்டுக்கு. டின் இரண்டிலும் அரபி எழுத்து. ஒன்றில் பந்தயக் கார் சீறிப் பாய்கிறது, மற்றதில் பச்சை இலை. நான் இத்தனை புத்தகம் படித்தும் ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. "கார் படம் வண்டிக்கு, இலை படம் பொம்பளைங்களுக்கு. இதுல என்ன ஆராய்ச்சி?"

டர்போ என்பதை நான் நேற்றுதான் பார்த்தேன், சித்தப்பா. சங்குபோல் சுருண்ட ஓர் இரும்பு. புகையின் வேகத்திலேயே சுழன்று எஞ்சினுக்குக் காற்றை ஊதித் தள்ளுமாம். அப்பா வாசலிலேயே பழைய பெட்ஷீட்டை விரித்து வேலையை ஆரம்பித்தார். எதிர்வீட்டு ஆட்டோக்காரர் வேம்புலி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூப்பிடாமலே வந்து நின்றார். டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயை யாரோ பழைய முதலாளி நைலான் கயிற்றால் கட்டி வைத்திருந்தார். நல்ல நீலக் கயிறு. அம்மா பார்த்த மாத்திரத்தில் அவிழ்த்துக்கொண்டாள். "துணிக்கொடி கட்டறதுக்குக் கயிறு வாங்கிக்குடுங்கன்னு எத்தினி வாட்டி கேட்டுகினு கீறேன்? இங்க கெடக்குது பாரு!" அப்பா, "அடியே, அப்போ குழாய எதால கட்டறது?" என்று கத்த, அம்மா தண்ணீர் மோட்டார் ஓஸில் உபரியாகக் கிடந்த கிளாம்ப்பை எடுத்துவந்து கையில் திணித்தாள். அப்பா முணுமுணுத்துக்கொண்டே முடுக்கினார். அது ஒரு விஷயமே இல்லை, விஷயத்துக்கு வருகிறேன்.

என்னை எஞ்சினை ஓட்டச் சொல்லிவிட்டு, காற்று இழுக்கும் வாய்க்குப் போகும் இன்னொரு குழாயைக் கழற்றி, அப்பா சிலுவை போட்டுக்கொண்டு ஸ்ப்ரேயை அழுத்தினார். நான் ஆக்ஸிலேட்டரில் காலே வைக்கவில்லை, சத்தியம், ஆனாலும் வண்டி தானாகவே உறுமியது, இன்னும் அழுத்தினார், இன்னும் உறுமியது, பானெட் ஆடியது, "நிறுத்துங்க, சாமி ஏறிகிச்சு அதுக்கு!" என்று அம்மா அலற, வேம்புலி ஒரே தாவலில் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். அப்பா மட்டும் புகைக்கு நடுவில் நின்று, "பாத்தியா, மருந்து வேலை செய்யுது!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாகிறது! அதைவிட அதிசயம், அந்த மணம். தெரு முழுக்க மணத்தது. அம்மா மூச்சை இழுத்துவிட்டு, "ஏங்க, உங்க தம்பி ஏர்போட்லேர்ந்து வந்து நிக்கிற மாதிரியே கீதுங்க" என்றாள். "வெளிநாட்டுச் சாமான்டி. மருந்துகூட மணக்கும்" என்றார் அப்பா.

குழாயை மாட்டிக்கொண்டு நசரத்பேட்டை வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். புகை இல்லை, விசில் இல்லை. லாரி ஒன்றை அப்பா முந்தினார், அதற்காகவே திரும்பி வந்து இன்னொன்றையும் முந்தினார். எல்லாம் உங்கள் டின்னின் மகிமை. அப்பா இன்னும் சில டின் அனுப்பச் சொல்கிறார். வேம்புலியும் ஒன்று கேட்கிறார். ஆட்டோவுக்கு டர்போ இல்லையே என்றேன். "டர்போ இல்லாங்காட்டி இன்னா பாப்பா, மூக்கு கீதுல்ல?" என்கிறார்.

நாளை விடியலில் புறப்படுகிறோம். உங்களுக்கும் சித்திக்கும் எங்கள் வீட்டு ஜெபத்தில் எப்போதும் ஓர் இடம் உண்டு. இனிமேல் அது முன்வரிசை.

உங்கள் மகள்
அருள்செல்வி

பி.கு. (பெங்களூர், அடுத்த ஞாயிறு) புறப்படும் அவசரத்தில் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, நல்லதாகப் போயிற்று. வேலைக்குச் சேரும் அன்று, அம்மா என் பெட்டியில் வைத்தனுப்பிய இலை டின்னைப் புடவையில் அடித்துக்கொண்டேன். மண்ணெண்ணெய்க் கடையில் குடியிருந்தவள் மாதிரி ஆகிவிட்டேன். ஸ்டவ் ஒழுகுகிறதோ என்று விடுதிக் காப்பாளர் அடுப்படிக்கு ஓடினார். டின்மேல் ஒட்டியிருந்த ஏர்போர்ட் சீட்டை உரித்துப் பார்த்தால், அடியில் சின்னதாக ஒரு படம்: சங்குபோல் சுருண்ட இரும்பு. ஆக, டர்போ குடித்தது உங்கள் சென்ட்டை; அதிலிருந்த ஸ்பிரிட் ஏறித்தான் அன்று அப்படி உறுமியிருக்கிறது. மேலே எழுதிய நன்றியையெல்லாம் அம்மாவின் கொடிக்கயிற்றுக்கும், குழாயில் காற்று ஒழுகாமல் இறுக்கிய மோட்டார் கிளாம்ப்புக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். அப்பாவிடம் சொல்வதா என்று நீங்களே முடிவுசெய்யுங்கள்.

வண்டி ஓசூர் மேடு ஏறி என்னை விடுதி வாசலில் இறக்கியது. அப்பா அன்றே திரும்பிவிட்டார். நேற்று தன் முதல் வாடகையாக ஒரு குடும்பத்தை வேளாங்கண்ணிக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்.