கறை போகாத கல்

ஒரு மணி நேரமாகக் குமாஸ்தா குளியலறைத் தரையில் குந்தி உட்கார்ந்து கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கறை போகிற வழியாக இல்லை. முழங்கால்தான் போய்க்கொண்டிருந்தது.

"இன்னும் எவ்வளவு நேரம்?" கதவுக்கு வெளியே மனைவி கேட்டாள்.

"அஞ்சு நிமிஷம்."

"அரை மணிக்கு முன்னாடியும் இதே அஞ்சு நிமிஷம்தான் சொன்னீங்க."

ஊருக்கு வெளியே ஒரு சின்னக் குழி இருக்கிறது. டிக்கெட் வாங்கினால் யார் வேண்டுமானாலும் இறங்கிக் குவார்ட்ஸ் படிகம் தோண்டலாம். இருபது வருஷமாக ஞாயிறு தவறாமல் குமாஸ்தா தோண்டியதில் அலமாரி, கட்டிலடி, பரண் எல்லாம் கல். போன வாரம் மனைவி முடிவாகச் சொல்லிவிட்டாள். கல் சேகரிப்போர் சங்கத்தின் சனிக்கிழமைக் கண்காட்சியில் இந்தத் தடவையாவது ஒரு பரிசு வரவேண்டும். வராவிட்டால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமையே அத்தனை கல்லும் குழிக்குத் திரும்ப வேண்டும். அவரும் ஆபீஸ் அலுப்பில் தலையை ஆட்டித் தொலைத்துவிட்டார்.

மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை இந்தக் கல். உள்ளங்கை அகலத்தில் ஐந்து கூர்முனைகள். ஆனால் மேலெல்லாம் செம்மண் அப்பியிருந்தது. அதன்மேல் எள் தூவினாற்போல் கறுப்புத் துணுக்குகள். இப்படியே கொண்டுபோய் வைத்தால் நடுவர் துடைப்பம் கேட்பார்.

"பல் தேய்க்கிற பிரஷ்ஷால தேய்ச்சுப் பாருங்களேன்," என்றாள் மனைவி.

தேய்த்தார். கறுப்பு பொலபொலவென்று தண்ணீரில் உதிர்ந்தது. செம்மண் அசையவில்லை. தேய்த்தது தன்னுடைய பிரஷ் என்பது மறுநாள் காலையில் வாயில் வைத்த பிறகுதான் தெரிந்தது.

"துரு எடுக்கிற பொடியில ஊற வைங்க."

ஊற வைத்தார். செம்மண் போயிற்று. கல்லுக்குக் காமாலை வந்துவிட்டது.

"அந்தத் தண்ணியைக் கீழ கொட்டிடாதீங்க, குழாய் அடைச்சுக்கும். இந்த வாளியில ஊத்துங்க. நான் பாத்துக்கறேன்."

கல்லைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் இவ்வளவு அனுசரணையாக இருந்தது அவரை என்னவோ செய்தது. இத்தனை வருஷம் இவளைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று மனசுக்குள் வருத்தப்பட்டார்.

மஞ்சளைப் போக்கக் கல்லைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டார். மஞ்சள் போயிற்று. அந்தச் சந்தோஷத்தில் சுடச்சுட எடுத்துக் குழாய்த் தண்ணீரில் காட்டினார். 'டிக்' என்றது. ஐந்து முனை நான்காயிற்று. உடைந்ததைப் பசை போட்டு ஒட்டினார். பசை வழிந்தது. துணியால் துடைத்தார். துணி ஒட்டிக்கொண்டது. கத்தியால் சுரண்டினார். கல்லில் கீறல், விரலில் ரத்தம்.

அலுத்துப்போய் வந்து உட்கார்ந்தவர் டீயை வாயில் வைத்தார். வாயெல்லாம் தூள்.

"வடிகட்டி எங்கே?"

"எங்கயாவது இருக்கும். பேசாம குடிங்க."

சனிக்கிழமை காலையில் மனைவி அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். குமாஸ்தா கல்லைத் துண்டில் சுற்றிக்கொண்டு மதியம் கண்காட்சிக்குப் போனார். நடுவர் லென்ஸை வைத்து நிதானமாகப் பார்த்தார்.

"எந்தக் குழி?"

"நம்ம சின்னக் குழிதான் சார்."

"நல்லாக் கழுவியிருக்கீங்க."

"மூணு நாள் சார்."

நடுவர் பெருமூச்சு விட்டார். "அங்க குவார்ட்ஸ் கூடை கூடையா கிடைக்கும். கொஞ்சம் மைக்கா, கொஞ்சம் இரும்புத்துரு. விசேஷம்னா அனடேஸ்ங்கிற கனிமம் ஒண்ணுதான். எள்ளு மாதிரி கறுப்பா மேல ஒட்டியிருக்கும், லென்ஸ்ல பாத்தா நீலமா மின்னும். பரிசுக்கு அதைத்தான் பாப்போம். உங்க கல்லுல அது இல்லையே."

"இருந்துச்சு சார்."

"எங்க?"

"தேய்ச்சுட்டேன்."

நடுவர் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார்.

குமாஸ்தா கல்லை மறுபடியும் துண்டில் சுற்றினார். இருபது வருஷத்தில் எத்தனை கல், எத்தனை பிரஷ். அப்போதுதான் வாளி ஞாபகம் வந்தது. நொண்டிக்கொண்டே பதிவு மேஜைக்கு ஓடினார். அங்கே ஒரு பெண் பேனாவும் நோட்டுமாக உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, அந்தக் கறுப்புத் துணுக்கை மட்டும் தனியாக் கொண்டுவந்தா சேத்துக்குவீங்களா?"

"தாராளமா. மாடியில சின்னக் கனிமப் பிரிவே இருக்கே. நீங்க மாடிக்குப் போனதே இல்லையா?"

"முழங்கால் வலிம்மா. வீட்டுல ஒரு வாளி இருக்கு, கல்லு கழுவின தண்ணி. கொட்டியிருக்க மாட்டா. அரை மணியில கொண்டாந்துடறேன், அதுக்குள்ள பேரை எழுதிக்குங்க."

"முகவரி சொல்லுங்க."

சொன்னார். அவள் பேனா பாதியில் நின்றது.

"அட, அவங்க வீட்டுக்காரரா நீங்க? வாளியெல்லாம் எதுக்கு சார், அவங்க காலையிலயே டீ வடிகட்டியில சலிச்சுக் கொண்டாந்து கொடுத்துட்டாங்களே. நாலு வருஷமா முதல் பரிசே அவங்களுக்குத்தான், வீட்டுல வைக்க இடமில்லைன்னு கோப்பையெல்லாம் இங்கயே கிடக்கு, நாளைக்கு அலமாரி காலியாகுதாம், வந்து எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க."