துவாய் இங்கிலீசு இல்லை, அத்தான்

ஹனோவர்,
11.03.2007

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய ஜேசுரட்ணம் அத்தானுக்கு,

மடு மாதாவின் கிருபையால் நானும் லூர்தம்மாவும் இவ்விடம் சுகம். உங்கள் சுகத்துக்காகவும் அக்காவின் முழங்காலுக்காகவும் பின்னேரச் செபத்தில் தவறாமல் மன்றாடி வருகிறோம். ரொறொன்ரோவில் பனி கரையத் தொடங்கியிருக்கும் என நம்புகிறேன்.

நிற்க. நான் இங்கே மறுபடியும் ஆங்கில ஆசிரியராகிவிட்டேன் என்று தை மாதம் போனில் சொன்னேன் அல்லவா? அதை நீங்கள் அங்குள்ள மன்னார்க்காரர் அத்தனை பேருக்கும் சொல்லி முடித்துவிட்டதாக அக்கா சொன்னா. தயவுசெய்து அதே ஆட்களிடம் திரும்பப் போய், சூசைதாசன் தன் சொந்த விருப்பத்தில் விலகிவிட்டான் என்று சொல்லிவிடவும். உண்மைக் காரணத்தைக் கீழே எழுதுகிறேன். வாசித்ததும் கிழித்துவிடவும்.

நான் பதினேழு வருடமாகக் கோப்பை கழுவும் ஹோட்டலை நீங்கள் அறிவீர்கள். போன இலையுதிர்காலத்தில் அங்கே பிரவ் லிண்டமான் என்ற புது மனேஜர் வந்தா. எல்லாரும் வந்தவுடன் திரைச்சீலையை மாற்றுவார்கள், இந்த மனுசி எங்களுடைய பைல்களை எடுத்து வாசித்திருக்கிறா. நான் மன்னாரில் பதினொரு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன் என்று அதில் கிடந்ததாம். என்னைக் கூப்பிட்டு, அறை துப்புரவாக்கும் பெண்கள் ஆறு பேர் இருக்கிறார்கள், பெருவும் ஈக்குவடோரும் ஸ்பெயினும், ஆறு பேருக்கும் ஸ்பானிஷ்தான் தாய்மொழி, மார்ச்சில் பெரிய கண்காட்சிக்கு வெளிநாட்டுக்காரர் வந்து நிறைவார்கள், அதற்குள் இவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்க முடியுமா என்று கேட்டா. பரீட்சையில் ஆறில் நாலு பேர் தேறினால் என்னைக் கோப்பைத் தொட்டியிலிருந்து எடுத்து, ஊழியர்களுக்கு ஆசிரியர் என்று ஒப்பந்தம் எழுதித் தருவதாகவும் சொன்னா. அத்தான், அந்த ஒப்பந்தம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வெட்கமில்லை. பதினேழு வருடமாக ஒரு மனிசரும் என்னிடம் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டதில்லை.

எனக்கு ஸ்பானிஷ் ஒரு சொல்லும் தெரியாது. நூலகத்தில் புத்தகம் எடுத்துப் பார்த்தால், ஸ்பானிஷும் ஆங்கிலமும் ஆயிரக்கணக்கான சொற்களில் சொந்தக்காரராம். லாம்பரா என்றால் லாம்ப், எஸ்தசியோன் என்றால் ஸ்டேஷன். வலு சுகமான வேலை என்று நினைத்தேன். ஆனால் முகம் ஒத்துப்போய், கிட்டப் போனால் யாரோ எவரோ என்றிருக்கிற சொற்களும் உண்டு. ரோப்பா என்றால் கயிறு இல்லை, உடுப்பு. சோப்பா என்றால் சவர்க்காரம் இல்லை, சூப். எக்ஸிதோ என்றால் வாசல் இல்லை, வெற்றி. இதை எப்படிப் புரியவைப்பது? எங்கள் ஆட்கள் கலியாணம் பேச முன்னம் விசாரிக்கிற முறையைத்தான் சொல்லிக்கொடுத்தேன். பேர் ஒன்றாக இருக்கிறது, மூக்கும் ஒன்றாக இருக்கிறது என்று ஓம் சொல்லிவிடக் கூடாது. எந்த ஊர், ஆருடைய பிள்ளை, தாய்வழி என்ன என்று கேட்க வேண்டும். அவர்களுக்கு இது நன்றாகப் பிடித்துப்போனது. பிலார் என்று ஒருத்தி, ஆறு பேரிலும் குரல் பெரியவள், புதுச்சொல் வந்தால் போதும், "சொந்தமா, பொய்ச் சொந்தமா?" என்று ஜேர்மனில் சத்தம் போடுவாள்.

அதோடு நின்றிருந்தால் நான் இண்டைக்கு ஆசிரியர். இனித்தான் என்னுடைய மொக்குத்தனம் வருகிறது. ஒருநாள் பலகையில் டேபிள் என்று எழுதி, ஸ்பானிஷில் என்ன என்று கேட்டேன். மேசா என்றார்கள். எனக்குப் புல்லரித்துப் போச்சுது. ஷூவுக்கு என்ன? சப்பாத்தோ. ரவலுக்கு, எங்கடை துவாய்க்கு? தோவாயா. பிரெட்டுக்கு, அதாவது பாணுக்கு? பான். கபேர்ட்டுக்கு? அர்மாரியோ. அத்தான், போர்த்துக்கீசன் எங்களுக்கு வேதத்தைக் கொண்டுவந்த கப்பலிலை இந்தச் சாமானையும் ஏத்திக்கொண்டு வந்திருக்கிறான், அவனுடைய பக்கத்து வீட்டுக்காரர்தான் இந்தப் பெண்டுகள்! டேபிள் அவர்களுக்கு முன்பின் தெரியாத ஆள், மேசை இரத்த உறவு. ஹனோவரிலை எனக்கு ஆறு மச்சாள்மார் கிடைச்ச மாதிரி இருந்தது. உடனே பலகையில் ஸ்பானிஷ், ஆங்கிலம் என்ற இரண்டு வரிசைக்குப் பக்கத்தில் மூன்றாவதாகத் தமிழ் என்று ஒரு வரிசை போட்டேன். என்னுடைய சந்தோசத்துக்குத்தான். அவர்கள் அதையும் கொப்பியில் எழுதினார்கள். நான் சொல்லச் சொல்ல ஆறு பேரும் சேர்ந்து உரத்துச் சொன்னார்கள். நான் எட்டுக் கிழமையாக அவர்களைத் தடுக்கவில்லை, தடுக்க மனம் வரவில்லை.

வியாழக்கிழமை பரீட்சை. மொழிப் பாடசாலையிலிருந்து ஒரு ஆங்கிலேயப் பெண்மணி வந்து, முதல்மாடியில் ஒரு அறையைத் திறந்து, சாமான்களைத் தொட்டுத் தொட்டு வாட் இஸ் திஸ் என்று கேட்டா. "துவாய்," என்றாள் பிலார். அடுத்தவள் "சப்பாத்து" என்றாள். மூன்றாவது ஆள் கபேர்ட்டைக் கண்டவுடன் கையைக் கட்டிக்கொண்டு "அலமாரி" என்றாள். உச்சரிப்பு எப்பிடி எண்டு நினைக்கிறியள்? மன்னார்ப் பட்டினத்திலை பிறந்து வளர்ந்த பிள்ளையள் மாதிரி. பெண்மணி தன் தாளில் எதையோ எழுதி, இது என்ன மொழி என்று பிரவ் லிண்டமானிடம் கேட்டா. பிரவ் லிண்டமான் என்னைப் பார்த்தா. நான் கதவைப் பார்த்தேன். தேறியது ஓராள், அதுவும் தடிமன் காய்ச்சலில் இரண்டு கிழமை வகுப்புக்கு வராத ஆள்.

வீட்டுக்கு வந்து சொன்னால் லூர்தம்மா கத்தியைக் கீழே வைக்கவேயில்லை. "உங்களைப் படிப்பிக்கச் சொன்னது இங்கிலீசோ, எங்கடை வீட்டுச் சாமானோ? ஆரும் கேட்டவையோ உங்களிட்டை?" என்றாள். பிறகு அவளே, "சரி, அழாதேங்கோ, சாப்பிடுங்கோ" என்றாள். நான் அழவில்லை, அத்தான். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

ஆக, நான் இனிமேல் யாருக்கும் எதையும் படிப்பிக்க மாட்டேன் என்று தீர்மானித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பலகையை நானே துடைத்துக் களஞ்சிய அறையில் வைத்துவிட்டுத் தொட்டிக்குப் போனேன். அறுபதை நெருங்குகிறவனுக்கு இது போதும். மனம் சரியாக நொந்துதான் இருக்கிறது, அதை மறைத்து எழுத என்னால் ஏலாது.

அக்காவுக்கும் மருமக்களுக்கும் எங்கள் அன்பு. மாதா உங்கள் வீட்டு வாசலைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
கோப்பை கழுவும் உங்கள் மைத்துனன்
சூசைதாசன்

பி.கு. (28.03): முத்திரை வாங்கப் பிந்திவிட்டது, அதற்குள் கண்காட்சியும் வந்து போய்விட்டது. மேலே எழுதிய ஒன்றையும் கணக்கில் எடுக்க வேண்டாம், ஒருத்தரிடமும் போய்ச் சொல்லவும் வேண்டாம். ஆள் போதாமல் பிலாரைக் காலைச் சாப்பாட்டு மண்டபத்தில் கோப்பி ஊற்ற விட்டார்கள். ஒரு ஆங்கிலேயர் வந்து, அறையில் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று முறையிட்டிருக்கிறார். பிரவ் லிண்டமான் நெஞ்சில் கை வைத்து, கவலைப்படாதீர்கள், நான்தான் இங்கே ஷெஃப் என்றிருக்கிறா. ஜேர்மனில் அது முதலாளி, ஸ்பானிஷ் ஹெஃபே மாதிரி; ஆங்கிலத்தில் சமையல்காரர். அவர், சாப்பாடு நல்லாத்தான் இருக்கிறது, ஹீட்டர்தான் பிரச்சினை என்று திரும்பத் திரும்பச் சொல்ல, பிலார் கோப்பிப் போத்தலோடு நிமிர்ந்து நின்று, "போஸ்! ஷெஃப் சமையல்! பொய்ச் சொந்தம்!" என்று மண்டபம் அதிரச் சொன்னாளாம். பொய்ச் சொந்தங்களுக்கு நான் மூன்றாம் வரிசை போடவில்லை, அதனால் ஆறு பேரும் அவற்றை ஒன்றுவிடாமல் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். அன்று மத்தியானம் பிரவ் லிண்டமான் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து, "ஜேர்மனிலும் இப்படி நிறைய இருக்கிறதா?" என்று மெல்லக் கேட்டா. கன பேர் இருக்கினம் எண்டன். திங்கட்கிழமை ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. நேற்று வகுப்பில் முன்வரிசை வாங்கில் ஏழாவது ஆளாக அவ இருந்தா. இரண்டாவது சொல்லிலேயே பிழைவிட்டா. மற்றவர்கள் பிழைவிட்டால் செய்கிறதைப் பார்த்திருப்பா போலை, தானாக எழும்பி நின்று சரியான சொல்லை மூன்று தரம் உரத்துச் சொன்னா. அவவை இருக்கச் சொல்ல மறந்துபோனன். மணி அடிக்குமட்டும் மனுசி நிண்டுகொண்டே இருந்தா.