செம்புத் தவலையும் ஒரு டம்ளர் ரசமும்

வாயால் பேசத் தெரியாதவன் கையால் பேசப் பார்ப்பான். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. நான் அந்த ரகம். கடைக்குப் போனால்கூட எனக்கு முன்னால் நிற்பவர் எதை வாங்குகிறாரோ அதையே வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். வாயைத் திறந்து கேட்க வேண்டாம் பாருங்கள். (அப்படித்தான் ஒருமுறை வீட்டுக்குப் பூனைச் சாப்பாடு வந்தது. எங்களிடம் பூனை கிடையாது.)

மும்பை தாராவியில் பெல்ட் பக்கிள்களுக்குப் பாலிஷ் போடும் பட்டறை ஒன்றில் எனக்கு வேலை. பத்தாவதோடு படிப்பு முடிந்துவிட்டது. நாள் முழுக்க மிஷின் சத்தம் என்பதால் அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கென்றே செய்து வைத்த வேலை அது. ஆனால் கல்யாணத்துக்குப் பெண் தேடும்போது இந்தக் குணம் உதவவில்லை. என்னைப் பார்த்துவிட்டுப் போன இரண்டு பெண் வீட்டாரும் ஒரே பதிலைத்தான் சொல்லியனுப்பினார்கள்: "பையன் நல்ல பையன்தான். ஆனா வாயில ஏதும் கோளாறு உண்டுமா?"

மூன்றாவதாக அமைந்தது விக்ரோலிச் சம்பந்தம். பெண்ணின் போட்டோவைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. பெண்ணின் அப்பா, சித்தப்பா, அத்தை மூவரும் மாப்பிள்ளை வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"எலே முருகேசு, இதுவும் தட்டிப்போச்சுன்னா இனி எந்தத் தரகனும் நம்ம வாசல்ல செருப்பைக் கழத்த மாட்டான். 'வாங்க மாமா, சவுக்கியமா'ன்னு கேளு. அது போதும். அதுக்குமேல நீ ஒண்ணும் பேசாண்டாம்."

நான் தலையை ஆட்டினேன்.

"இந்தா, இதத்தான் சொல்லுதேன்! வாயத் தொறந்து சொல்லுலே!"

அம்மா அப்போது மாதுங்காவில் ஒரு மாமி வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். எங்கள் அலுமினியப் பாத்திரங்களெல்லாம் ஒடுங்கிப்போனவை. விஷயத்தைக் கேட்ட மாமி தன்னுடைய செம்புத் தவலையை இரவல் கொடுத்தனுப்பினார். செம்பில் சமைத்து எங்களுக்குப் பழக்கமில்லை. வெளியே கறுத்துப்போய், உள்ளே சாம்பல் பூத்த மாதிரி இருந்தது அது.

"பட்டறைக்குப் போறதுக்கு முன்னால புளியும் உப்பும் போட்டு இதத் தேச்சு வச்சிருலே" என்றாள் அம்மா.

உலோகத்துக்குப் பளபளப்பு ஏற்றுவது என் தொழில். என்னிடம் போய்ப் புளியா? பேசத்தான் கூச்சம். தொழிலில் எனக்கு என்ன கூச்சம்? தவலையைச் சாக்கில் சுற்றிப் பட்டறைக்குத் தூக்கிப்போனேன். கையில் பிடிக்கும் மிஷினில் துணிச் சக்கரத்தை மாட்டி, பாலிஷ் கட்டியைத் தடவிப் பிடித்தேன். வெளிப்புறம் உதயசூரியன் மாதிரி வந்தது. சரி, உள்ளே ஏன் இந்தச் சாம்பல் அழுக்கு இருக்க வேண்டும்? அதையும் விடவில்லை. முதலில் சொரசொரப்புச் சக்கரம், பிறகு துணிச் சக்கரம். அந்த வெள்ளை லேசில் போகவில்லை. நானும் விடுகிற ஆள் இல்லை. கடைசியில் உள்ளேயும் செக்கச்செவேலென்று ஆகி, குனிந்து பார்த்தால் என் முகம் தெரிந்தது. அந்த முகத்தில் எவ்வளவு பெருமை என்கிறீர்கள்!

வீட்டுக்குக் கொண்டுவந்து சோப்புப் போட்டுக் கழுவி அம்மாவிடம் நீட்டினேன். "யம்மா! கோயில் கலசம் மாதிரில்லா இருக்கு! மாமி பாத்தா மயங்கிருவாவ" என்றாள் அம்மா. (மாமி மயங்கத்தான் போனார். ஆனால் அம்மா நினைத்த காரணத்துக்காக இல்லை.)

ஞாயிற்றுக்கிழமை மூவரும் வந்தார்கள். நான் கதவருகில் நின்று, இரண்டு நாளாக ஒத்திகை பார்த்திருந்த "வாங்க மாமா"வைச் சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. பெண்ணின் அப்பா வெள்ளைச் சட்டை, தடித்த மீசையோடு என்னை மேலும் கீழும் பார்த்தார். அத்தை சித்தப்பாவின் காதில் ஏதோ சொன்னார். அது என்னவென்று எனக்குத் தெரியும். ஏற்கெனவே இரண்டு தடவை கேட்ட வசனம்.

எங்கள் வீடு ஒரே அறை. மேலே மாலா. மாலா என்றால் இரும்பு ஏணியில் ஏறிப் போகிற பரண். விருந்தாளிகள் சாப்பிட உட்கார்ந்ததும், இடம் போதவில்லை என்று கையைக் காட்டிவிட்டு மேலே ஏறி ஒளிந்துகொண்டேன். கீழே சாம்பார், கூட்டு, அப்பளம் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து அம்மா தவலையிலிருந்து புளி ரசத்தை டம்ளர்களில் ஊற்றிக் கொடுத்தாள். சித்தப்பா முதல் ஆளாகக் குடித்தார்.

"ரசம் ஒரு தினுசா... புதுவிதமா இருக்கே மதினி" என்று மரியாதையாகச் சொன்னார். அம்மா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு இன்னொரு டம்ளர் ஊற்றினாள்.

அப்போது என் போன் அடித்தது. மாதுங்கா மாமி.

"ஏண்டா முருகேசா, எல்லாம் நன்னா நடக்கறதோ? நான் சொல்ல மறந்துட்டேன். தவலைக்குள்ள வெள்ளையா இருக்கே, அது ஈயப் பூச்சு. அம்மா கரண்டியால சுரண்டிடப் போறா, சொல்லி வை. வெறும் தவலையை அடுப்புல வெக்கவும் கூடாது, ஈயம் உருகிடும். அது போயிடுத்துன்னா புளி நேரே செம்புல படும், வயத்துக்கு ஆகாது, விஷம்டா கொழந்தே!"

மாலாவின் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தேன். பெண்ணின் அப்பா டம்ளரைக் கையில் எடுத்துவிட்டார். மீசையை ஒதுக்குகிறார். டம்ளர் உதட்டை நோக்கிப் போகிறது. நான் கத்த வேண்டும். வாய் வரவில்லை. காலாவது வந்ததே! ஏணியில் பாதிப் படிகளை மிதிக்காமலே கீழே வந்து விழுந்தேன். விழுந்த வேகத்தில் அவர் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கினேன். ரசம் முழுவதும் வெள்ளைச் சட்டையில். அப்போதுதான், என் வருங்கால மாமனாரிடம் என் முதல் வார்த்தை வெளியே வந்தது.

"விசம்! குடிக்காதீய மாமா!"

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"எலே பாவி! நான் வச்ச ரசத்தையா விசம்னு சொல்லுத?" என்று அம்மா கரண்டியை ஓங்கினாள்.

"அண்ணே, நான் ரெண்டு டம்ளர் குடிச்சிட்டனே!" என்று அலறிய சித்தப்பாவுக்கு உடனே வயிற்றைப் பிரட்டியது. நேராகச் சாக்கடை ஓரத்துக்கு ஓடினார். நல்லவேளை, எல்லாம் வெளியே வந்ததும் தெளிந்துவிட்டார். தெருமுனை டாக்டரும் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்.

"பேசாத பையன்னு சொன்னாவ. பேசுன மொத வார்த்தையே விசமால்லா இருக்கு!" என்றார் அத்தை.

இனி இழக்க ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டால் மனிதனுக்குப் பேச்சு வந்துவிடும் போலிருக்கிறது. நான் பேசினேன். வாழ்நாளில் அதுவரை பேசியதையெல்லாம் கூட்டினாலும் அவ்வளவு தேறாது. அது இரவல் தவலை, வெள்ளைதான் ஈயம், நான் அதை அழுக்கென்று நினைத்தேன், முதலில் சொரசொரப்புச் சக்கரம் போட்டேன், பிறகு துணிச் சக்கரம், அம்மா பேரில் தப்பில்லை, அவள் புளியும் உப்பும்தான் போடச் சொன்னாள், தப்பெல்லாம் என்னுடையது...

பெண்ணின் அப்பா சட்டையிலிருந்து கறிவேப்பிலையை எடுத்துப் போட்டார். அவர் ஏதோ கம்பெனியில் ஃபிட்டர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தவலையைத் தூக்கி, மிச்ச ரசத்தைக் கொட்டிவிட்டு, உள்ளே விரலால் தடவிப் பார்த்தார்.

"கை மிஷின்லயா இவ்வளவு சமமா எடுத்தீரு? அடி மூலைக்குச் சக்கரம் எப்படிப் போச்சு?"

"சின்னச் சக்கரம் மாமா" என்றேன்.

"ம்" என்றார். ஈரச் சட்டையோடு மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார். அம்மா அன்று என்னோடு பேசவில்லை. எங்கள் வீட்டில் நான் பேசி அம்மா பேசாமல் இருந்த ஒரே நாள் அதுதான்.

தவலையை மாமியிடம் கொண்டுபோய் நடந்ததைச் சொன்னேன். உள்ளே பார்த்தவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு மூச்சு வந்து சிரித்தார். பாத்திரத்துக்குக் கலாய், அதாவது ஈயம், பூசுகிறவரைத் தேடிப் பிடித்தேன். தவலையைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, ஈயத்தை உருக்கிப் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினார் அவர். செக்கச்செவேலென்று இருந்த உள்பக்கம் நிலாவாக மாறியது. நான் மணிக்கணக்காக உயிரை விட்டுச் சுரண்டியது ஒரு நிமிஷத்தில் திரும்ப வந்துவிட்டது!

விக்ரோலியிலிருந்து தகவல் இல்லை. நான் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"நான் பொன்மணி பேசுதேன். அப்பாதான் நம்பர் குடுத்தாவ. ஒண்ணு கேக்கணும். வெளிய தேச்சது சரி. உள்ளயும் ஏன் தேச்சீங்க?"

"மிஷின ஆன் பண்ணுனா எனக்கு நிறுத்த மனசு வராது" என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். வெகுநேரம் நிற்கவில்லை. கல்யாணத்துக்கு மாமி அந்தத் தவலையையே பரிசாகக் கொடுத்தார். இப்போது அதன் வெளிப்புறத்தைப் புளியால் தேய்த்து, கழுவி, ஈரம் போகத் துடைப்பது என் வேலை. உள்பக்கம் பொன்மணியின் ராஜ்ஜியம். மெத்தென்ற துணியால் துடைப்பாள். நான் எட்டிப் பார்த்தாலே, "கைய எடுங்க" என்பாள்.

மாமனார் மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமையை விடுவதாக இல்லை. எந்த விசேஷமானாலும் பந்தியில் ரசம் வந்ததும் டம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைத் தேடுவார். "மாப்ள, குடிக்கலாமா?" அவரைப் பார்த்துச் சித்தப்பா, சித்தப்பாவைப் பார்த்துப் பிள்ளைகள், இப்போது பொன்மணி பக்கத்துச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அப்படித்தான். வரிசையாக டம்ளர்கள் அந்தரத்தில் நிற்கும். ரசம் ஆறும். கூட்டத்தைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் நான், எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "குடிங்க!" என்று கத்தினால்தான் அந்தக் குடும்பத்தில் ஒருவர் தொண்டையில் ரசம் இறங்கும்.