வண்டி விலை ஏறியதற்குக் காரணமானவர்

மனித குலம் இதுவரை எழுதியவற்றில் ஆழமானது எது என்று கேட்டால், விருத்தாசலம் கடலூர் ரோட்டில் இருக்கும் அந்த ஸ்கூட்டர் ஷோரூமின் விலைப்பட்டியலைத்தான் சொல்ல வேண்டும். அதைப் படித்துவிட்டுக் கண் கலங்காமல் எழுந்தவர் கிடையாது.

ஒரு சனிக்கிழமை இஞ்ஞாசியும் படிக்க உட்கார்ந்தார். பீங்கான் பொம்மைகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். பக்கத்தில் மகள் ஃப்ளோரா. நர்ஸ் படிப்பை முடித்தவளுக்குத் திட்டக்குடியில் வீடு வீடாகப் போய் ஊசி போடும் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சொந்த வண்டியோடு போய் நின்றால்தான் வேலை. வரி, இன்சூரன்ஸ், நம்பர் பிளேட் எல்லாம் விசாரித்து, சீட்டு எடுத்து, கேட்கக்கூடிய இடத்திலெல்லாம் கடனும் கேட்டு, தொண்ணூற்றெட்டாயிரத்தை மஞ்சப்பையில் கொண்டுவந்திருந்தார். பட்டியலோ ஒரு லட்சத்து நாலாயிரம் என்றது.

"இந்த ஆறாயிரம் எதுக்குங்க சார்?"

மேலாளர் பிரவீன்குமார் எழுந்து நின்றார். இத்தகைய விஷயங்களை உட்கார்ந்துகொண்டு சொல்வது மரியாதையல்ல.

"'சுபயாத்திரை கிட்'டுங்க ஐயா. சீட் கவரு, சாவிக்கொத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், முன்னால ஒட்ட சாமி பொம்ம. பொம்ம மட்டும் ஆயிரத்து நானூறு."

"கிட்டு வேணாங்க. வண்டி மட்டும் குடுங்க."

"கம்ப்யூட்டரு ஒத்துக்காதுங்க. கிட்டு இல்லாம பில்லு போட்டா வண்டியே இல்லன்னு காட்டுது."

"எலுமிச்சம்பழமாவது நானே வாங்கியாறேன்."

"வெளிப் பழத்துக்கு வாரண்டி கெடையாதுங்க."

கண்ணாடிப் பெட்டியிலிருந்து பிள்ளையாரை பயபக்தியோடு எடுத்து மேசைமேல் வைத்தார். "மாதாவும் இருக்குது. அது முந்நூறு கூட."

இஞ்ஞாசி உற்றுப் பார்த்தார். பிள்ளையாரின் இடது கண் வலது கண்ணைவிடக் கொஞ்சம் பெரியது. இருபது வருடமாகத் திருத்த முடியாமல் போன கை அது.

"சார், இது நான் வரைஞ்ச கண்ணு. பொம்மைக்கு நாலு ரூபா குடுப்பாங்க."

பிரவீன்குமாருக்குப் புல்லரித்துவிட்டது. "ஐயா! வெல ஏன் ஏறிச்சின்னு சர்க்குலரு வந்திருக்குது. 'கைவினைஞர் கூலி உயர்வு'ன்னு போட்டிருக்காங்க. அது நீங்கதானா!"

இரும்பு, டாலர், பெட்ரோல் என்று நிபுணர்கள் எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்த காரணம், மஞ்சப்பையோடு எதிரே உட்கார்ந்திருந்தது. சால்வை போர்த்தினார்கள். போட்டோ எடுத்தார்கள். ஆறாயிரத்தில் மட்டும் ஒரு ரூபாய் குறையவில்லை.

"யப்பா, அந்தச் சால்வைய மடிச்சிக் குடுத்துட்டு வா. பஸ்ஸு போயிரும்" என்றாள் ஃப்ளோரா.

திங்கட்கிழமை அந்த வேலையில் சொந்த வண்டியுள்ள வேறொரு பெண் சேர்ந்தாள்.

இஞ்ஞாசிக்கு அந்தச் சர்க்குலர் மட்டும் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. பொம்மைக் கம்பெனி முதலாளி ஆதிநாராயணனிடம் போய் நின்றார்.

"கூலி ஏறியிருக்குதாமே, மொதலாளி?"

"ஷோரூம்லேருந்து லெட்டருதான் வந்திருக்குது, இஞ்ஞாசி. வண்டி வெல ஏறிப்போச்சாம், வாங்க ஆளில்லையாம். பொம்ம ரேட்டக் கொறைக்கச் சொல்றாங்க. இனிமே மூணர ரூபாதான்."

ஃப்ளோரா இப்போது அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையாருக்குக் கண் வரைகிறாள். வண்டி விலையை ஏற்றுகிறவர்கள் அந்த வீட்டில் இப்போது இரண்டு பேர்.